நாக்கில் மாவு

கடைவாய்ப் பல்லின் சீழுக்கு
ஒரு வாரம் அமாக்சிசிலின்.
வீக்கம் வடிந்தது. ஏழாம் நாள்
நாக்கில் மாவு படிந்திருந்தது.

படியாமல் எப்படி?
சாரெமா தீவின் நவம்பர் இருட்டில்
மூன்று மணிக்கே எழுந்து
கறுப்பு ரொட்டிக்குப் பிசைகிறவள் நான்.
கொப்பளித்தேன், போகவில்லை.
துணியால் வழித்தேன்.
அடியில் பச்சை ரணம், ஒரு துளி ரத்தம்.

"ஈஸ்ட்தான், லெயிலி" என்றார் மருத்துவர் ஹில்யா.
"வெளியிலிருந்து வந்ததல்ல.
வாயில் ஒரு மூலையில் சும்மா குடியிருந்தது.
மாத்திரை அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக் கொன்றுவிட்டது.
காலி வீடுகள். இது பரவிக்கொண்டது."

சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதட்டோரம் வெடித்தது.
இருபத்தாறு வருடமாக
மரத்தொட்டியில் புளித்த மாவைப்
போர்த்தி, வேளைக்குத் தீனி போட்டு வளர்க்கிறேன்.
அதன் பங்காளி ஒன்று
கேட்காமலே என் வாயில் தொட்டி வைத்துவிட்டது.

கீழேயும் அரிப்பு இருந்தது.
ஹில்யாவிடம் சொல்லவில்லை.
மருந்துக்கடை சீமிடம் எப்படிச் சொல்ல?
தேவாலயத்தில் எனக்குப் பின்வரிசையில் நின்று பாடுகிறவன்,
என் மகனைவிட இரண்டு வயது இளையவன்.
மருந்துப் புட்டியைப் பையில் போடும்போது
கல்லாவைப் பார்த்தபடி அவனே கேட்டான்:
"வேறெங்காவது?"
நானும் கல்லாவைப் பார்த்தபடி தலையாட்டினேன்.
இன்னொரு சின்னப் பெட்டி பைக்குள் விழுந்தது.
பின்னால் நின்ற தபால்காரி மைமு
சட்டென்று காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

நாளுக்கு நான்கு வேளை
மஞ்சள் மருந்தை வாயில் அடக்கிக்கொண்டு
பேச்சில்லாமல் பிசைந்தேன்.
உப்பை நான் அளந்து போட்டதில்லை.
ஒரு துணுக்கு நாக்கில் வைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.
இப்போதோ உப்பு பட்டால் தீ.
கை தானாகவே குறைத்துக்கொண்டே போயிருக்கிறது.

ஒன்பதாம் நாள் நாக்கு விழித்தது.
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியில்
முனையைப் பிய்த்து மென்றேன்.

உப்பே இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு, படகுத்துறைக்கு,
முதியோர் இல்லத்துக்கு இருபது,
சீம் வீட்டுக்குத் தினம் ஒன்று.
உப்பில்லாப் பண்டம் குப்பைக்குப் போகவில்லை,
ஊர் தின்றிருக்கிறது.
ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

மறுநாள் மைமு வந்தாள். வழக்கம்போல் ஒன்று.
"இன்றைக்கு உப்பு போட்டிருக்கிறேன்" என்றேன்.
கையுறையைக் கழற்றாமல் சில்லறை எண்ணியபடி
"நல்லவேளை" என்றாள்,
"வீட்டில் உப்புமீன் தீர்ந்துபோயிற்று."