புள்ளடி

ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பெயர்கள்.
கணித ஆசிரியன் என்பதால்
பட்டியலை முதலில் எண்ணித்தான் பார்த்தேன்.
பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே ஒன்றுமில்லையென
முகவர்களுக்குக் காட்டவேண்டும் என்பது விதி.
முகவர்கள் வரவில்லை.
கொன்ஸ்தாபிள் பண்டாரவுக்குக் காட்டினேன்.
எட்டிப் பார்த்து, "ஹரி, ஹரி" என்றார்.

ஓமந்தைக்கு இப்பால், இரண்டாம் வகுப்பு அறை.
முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாத
சின்னக் கதிரைகள்.
சுவரில் ஏழாம் வாய்பாடு;
ஏழேழு இருந்த இடத்தைக் கறையான் தின்றிருந்தது.

காலையிலிருந்து ஆறு பஸ்கள்
சூனியப் பிரதேசத்தின் விளிம்புவரை போய்
மழையை ஏற்றிக்கொண்டு திரும்பின.
அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரக்கூடாதாம்.
யார் சொன்னதென்று ஒருவரும் சொல்லவில்லை.
ஆனால் எல்லாருக்கும் கேட்டிருந்தது.

யசோதினி, செட்டிகுளத்து எழுதுவினைஞர்,
மைப்போத்தலைத் திறப்பாள், மூடுவாள்.
வாசலில் ஈரமணலில் ஒரு மைனா
குறுக்கும் மறுக்குமாய்
புள்ளடி போட்டுக்கொண்டு போனது.
"சேர், இதையும் எண்ணுவமா?"
சிரித்தோம். அன்று அதுதான் ஒரே சிரிப்பு.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னே
ஒருவர் வந்தார்.
தண்ணிப்பம்புக்கு வாசர் வாங்க
வவுனியாவுக்குப் போகிறவர்,
மழைக்கு ஒதுங்குகிறார் என்றே நினைத்தோம்.
சட்டைப்பையிலிருந்து பொலித்தீன் பையொன்றை எடுத்தார்.
அதற்குள் மண்ணெண்ணெய்க் கூப்பன்,
கூப்பனுக்குள் நாலாய் மடித்த வாக்காளர் அட்டை.

பெயரை இப்போதும் சொல்லமாட்டேன்.
தொடரிலக்கம் முந்நூற்றுப் பதினேழு.

இடக்கையை நீட்டச் சொன்னாள் யசோதினி.
நீட்டினார். பிறகு மடக்கினார்.
"மை வேண்டாம் பிள்ளை.
பொழுதுபட நான் திரும்பிப் போகோணும்.
வாய் சொல்லாட்டியும்
விரல் காட்டிக்குடுத்திடும்."

விதிக்கோவை என் முன்னால் விரிந்து கிடந்தது.
நான் அதைப் பார்த்தேன்.
அது போதுமான அளவு தடிப்பான புத்தகம்;
பார்த்துக்கொண்டே இருக்கலாம்.
நிமிர்ந்தபோது குச்சி நனைந்திருந்தது,
அவர் விரல் வெறுமையாக இருந்தது,
அவளுடைய சின்னிவிரல் நகம்
கறுத்திருந்தது.

தபாலில் ஏற்கெனவே வாக்களித்தவள்.

மட்டை மறைப்புக்குள் அவர் நெடுநேரம் நின்றார்.
பென்சிலைக் கட்டிய நூல் மட்டும் அசைந்தது.
கடதாசி விழுந்த சத்தம்
எனக்குக் கேட்டது.
வெற்றுப் பெட்டியில் கடதாசி விழுந்தால்
சத்தம் வரும்.

இரவு, எண்ணும் மண்டபத்தில்
எங்கள் பெட்டியைக் கவிழ்த்தார்கள்.
வெள்ளை மேசையில் ஒற்றைச் சீட்டு.
எட்டுப் பேர் குனிந்தோம்.
ஆயிரம் வாக்குக்குள் ஒரு வாக்கு ஒளிந்துகொள்ளும்;
ஒரு வாக்கு எங்கே ஒளியும்?
அப்போதுதான் பயம் வந்தது.
அவர் போய்ச் சேர்ந்திருப்பாரா என்று
கேட்க ஆளில்லை, கேட்கவும் கூடாது.

யாருக்குப் போட்டிருந்தார் என்று
பின்னர் பலர் கேட்டார்கள்.
ஒரு விருந்தில், போதையில், என் மைத்துனனும் கேட்டான்.
நூற்றுவீதம் மட்டும் சொன்னேன்:
பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்பது.

விடிய வானொலியில் நாடு முழுக்க எண்களாய்ப் போனது.
எங்கள் பகுதியை
ஒரு மூச்சில் வாசித்துவிட்டு
விளம்பரம் போட்டார்கள்.

நாலு வருடம் கழித்து
முகாமின் கம்பிக்கு வெளியே நின்று
உள்ளே வரிசைகளைப் பார்த்தேன்.
அடுத்த தேர்தலுக்கு அதே பழைய பட்டியல்;
முந்நூற்றுப் பதினேழும் அதிலிருந்தது.
பட்டியல்கள் ஆட்களைவிட நீண்டநாள் வாழ்பவை.
அவர் வந்தாரா, எனக்குத் தெரியாது.
அந்தமுறை எனக்கு வேறு நிலையம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
அந்தத் தை மாதம்
கொடுப்பனவுப் பட்டியலில் கையொப்பமிட
யசோதினி கச்சேரிக்கு வந்திருந்தாள்.
நகம் வளர்ந்து வளர்ந்து
கறுப்பு நுனிக்குத் தள்ளுப்பட்டிருந்தது.
நான் பார்ப்பதைப் பார்த்தாள்.
"இன்னும் ஒருக்கா வெட்டினால்
போயிடும், சேர்" என்றாள்.
வெட்டியிருக்கவில்லை.