கீழ்க் கம்பி

மேலே பொன்னிறம், கீழே பச்சை மாவு.
ராகி பிஸ்கட்டைப் புரட்டியதுமே தெரிந்துவிட்டது.
எங்கள் வீட்டில் இருபதாம் தேதியும் இப்படித்தான்,
வருகிறவர்கள் மேல்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ராயக்கோட்டை ரோட்டு சர்வீஸ் கடையில்
மூடியைக்கூடத் திறக்கவில்லை.
ஒரு விரலால் தட்டிவிட்டு,
"ராடு போயிருக்கும். ஆயிரத்து எண்ணூத்தம்பது.
அதுக்குப் புதுசே வாங்கிடலாங்க" என்றான்.
அந்த 'லாம்' இருக்கிறதே,
கல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால்
எவ்வளவு லேசாக வருகிறது அது.

போகும்போது ஆட்டோ, அறுபது ரூபாய்.
திரும்பும்போது டவுன் பஸ்.
எனக்கு டிக்கெட் இல்லை,
மடியில் இருக்கிற ஓவனுக்கு உண்டு என்றார் கண்டக்டர்.
பிறகு அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு
முன்னால் நகர்ந்து போனார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆறு கிலோ.
பர்கூரில் ஒரு வளைகாப்பு.
வாங்கிய முன்பணம் ஏற்கெனவே
ஹரீஷின் ஸ்கூல் வேனாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இரவு பத்தரை. பிளக்கைப் பிடுங்கி
என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசைமேல் போட்டேன்,
பயம்தான், வேறென்ன.
ஒன்பது திருகாணி. எட்டு வந்தன.
ஒன்பதாவதற்கு நட்சத்திர வாய்.
எந்த வீட்டிலும் இல்லாத திருப்புளியை
யோசித்துக் கண்டுபிடிப்பதற்கென்றே
எவனோ எங்கோ சம்பளம் வாங்கியிருக்கிறான்.
கத்தரிக்கோல் முனை ஆகவில்லை. பாக்குவெட்டியும்.
எதிர்வீட்டு மாதேஷின் பைக் டூல் பையில் இருந்தது,
பாதித் தூக்கத்தில் எடுத்துக் கொடுத்தான்.

உள்ளே
மூன்று வருடத்துத் தூள், எள்,
வறுபட்ட ஒரு கரப்பான்,
ஹரீஷின் முதல் பிறந்தநாள் கேக்கிலிருந்து உருண்ட
வெள்ளிக் குண்டு ஒன்று.
கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதற்குப் போகிற ஒயரின் நுனிதான்
கருகி, பிடிவிட்டு,
தொடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தது.
ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்
அரை அங்குலம் தள்ளி நின்றிருந்தது.

முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினேன்.
பத்து நிமிடம் மெக்கானிக்காக இருந்தேன்.
பதினொன்றாவது நிமிடம் தெருவே இருமியது.
அரைக் கிலோ மாவு டயர் வாசத்தோடு குப்பைக்கு.
கிரானைட் கம்பெனியில் செகண்ட் ஷிப்ட் முடித்து வந்தவர்
மூக்கைச் சுளித்தார், ஒன்றும் கேட்காமல்
ஜன்னலைத் திறந்துவிட்டார்.
கேட்டிருக்கலாம்.

காலையில் பழையபேட்டை எலக்ட்ரிக் கடை.
ஹயாத் பாஷா சிரித்தேவிட்டார்,
"அடுப்புக்குள்ள பிளாஸ்டிக் டேப்பாம்மா?"
பீங்கான் கனெக்டர் பதினெட்டு,
சூடு தாங்கும் உறை ஒரு சாண் பன்னிரண்டு,
லக் நாலு.
என்னிடம் முப்பதுதான் இருந்தது. "அப்புறம் குடுங்க."
ஆக, கடன் நான்கு ரூபாய்.

கருகிய செம்பை வெட்டினேன்.
உள்செம்பு பளபளக்கும்வரை சுரண்டினேன்.
பிளேயரை இரண்டு கையாலும் நசுக்கியதில்
உள்ளங்கையில் பிறை மாதிரி ஒரு தழும்பு.
பிளக்கைச் செருகும்போது
இடது கை முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது,
அதற்கு யார் சொன்னார்களோ.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகும் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு முனையில் மட்டும்
செந்தூரா மாங்காயின் தோளில் ஏறுமே,
அந்தச் சிவப்பு.
அங்கிருந்து மெல்ல நகர்ந்து மறுமுனைக்குப் போனது.
ஹரீஷைப் பள்ளிக்கு எழுப்ப மறந்து
பார்த்துக்கொண்டிருந்தேன்.

நட்சத்திரத் திருகாணியைத் திரும்ப மாட்டவில்லை.
அடுத்த முறையாவது மாதேஷ் தூங்கட்டும்.

இவர் கணக்கு நோட்டில் எழுதுகிறார்:
ஓவன் ரிப்பேர் 34. மிச்சம் 1816.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கையில் இருந்தே இராத பணம்,
அதில் போய் எதை மிச்சம் பிடித்தேன்?
ஆனாலும் அடிக்கச் சொல்லவில்லை,
எங்கள் நோட்டில் நான்கு இலக்கத்தில்
வரவுப் பக்கம் ஒரு எண் வந்து
எத்தனை நாளாயிற்று.

ஆட்டோ அறுபதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
அந்த அரைக் கிலோ மாவைப் பற்றியும்.