இண்டைக்கு ஒண்டு

ஆஸ்பத்திரியில் என் கைக்கு நல்ல பெயர்.
வயிற்றோட்டத்தில் வற்றி வந்த குழந்தையின்
புறங்கையிலும் தேடி நரம்பைப் பிடித்துவிடும்.
மற்ற வார்டிலிருந்தும் ஆள் வரும்,
"புஷ்பகாந்தி மிஸ்ஸ ஒருக்கா வரச்சொல்லட்டாம்."

கல்லடியில், என் வீட்டுத் தரையில்,
ஒரு நாயின் முன்னங்காலுக்கு முன்னால்
அதே கை நடுங்குகிறது.

கச்சான் காற்று அடித்த ஆனி மாதம்
கேற்றடியில் வந்து படுத்தவன்.
நிறமும் வறுத்த கச்சான்.
இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரே பெயர் வைத்தோம்.
யார் அடித்தார்கள், எதால் அடித்தார்கள், தெரியாது.
விளக்குமாற்றை எடுத்தால் கட்டிலுக்கடியில்.
குடையை விரித்தால் கட்டிலுக்கடியில்.
கோயில் வெடிக்குக் கட்டிலும் போதாது,
குளியலறை வாளிக்குப் பின்னால்.

தெருநாய்க்குத் தார் ரோட்டே அரம்.
இவனோ தெருவுக்குப் பயந்த நாய்,
நகம் வளர்ந்துகொண்டே போனது.
இரவில் டைல்ஸ் தரையில் டிக் டிக்கென்று
அறை அறையாக நடப்பான்,
சுவர் மணிக்கூடு இறங்கி வந்து
எதையோ தேடுவதுபோல.

மிருக வைத்தியரிடம் போக ஓட்டோ பிடித்தோம்.
பாலம் தாண்டவில்லை,
சீற்றை நனைத்துவிட்டான்.
கழுவ ஐந்நூறு வாங்கினார் சுபோதரன்.
"நாய்க்கும் நகம் வெட்டவா மிஸ்?" என்று
சிரித்ததற்கு ஒன்றும் வாங்கவில்லை.

முதல்முறை பிழை எங்களுடையது.
"அமத்திப் பிடிங்க" என்றேன், வார்டில் சொல்வதுபோல.
விமலேந்திரன் சாரத்தை மடித்துக் கட்டி
முழுப் பாரத்தையும் போட்டுப் பிடித்தார்.
கச்சான் கடிக்கவில்லை.
கடித்திருக்கலாம்.
கண்ணின் வெள்ளை தெரிய
சுவரில் நின்ற பல்லிக்கும் கேட்காமல் அழுதான்.
நான் வெட்டினேன்.

கறுத்த நகம்.
உள்ளே நரம்பு எங்கே முடிகிறதென்று
வெளியே ஒரு குறியும் இல்லை.
மனுசத் தோலில் நீலமாக வழி காட்டும்,
இங்கே பூட்டிய அறைக்குள் இருக்கிறது.
ரத்தம் சொட்டியது.
கோதுமை மாவில் காலைப் புதைத்து
அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
ரொட்டிக்கு எடுத்து வைத்த மா.
அன்றிரவு எங்களுக்குக் கடைப் பாண்.

பிறகு ஒரு மாதம் வெட்டவே இல்லை.
வெட்டியைத் தரையில் வைத்து
அதற்குப் பக்கத்தில் ஒரு நெத்தலி.
அவ்வளவுதான், எழும்பிப் போய்விடுவேன்.
திரும்பி வந்தால் வெட்டி மட்டும் கிடக்கும்.
அடுத்த கிழமை விளக்குமாற்றில் உருவிய ஈர்க்கை
அவன் பார்க்க நறுக்கினேன்.
க்ளிக். நெத்தலி.
க்ளிக். நெத்தலி.
வீடெல்லாம் ஈர்க்குத் துண்டு.
"நகத்த வெட்டச் சொன்னா
விளக்குமாத்த வெட்டி முடிக்கிறாய்" என்றார் இவர்.
உண்மைதான், பாதியாகிவிட்டது.
அதைத் தூக்கினால் இப்போது
வாலை ஆட்டிக்கொண்டு வருகிறான்.

நேற்று மழை இருட்டில்
தரையில் இருந்து கரண்ட் பில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு காலைத் தூக்கி என் மடியில் வைத்தான்.
தந்ததா, தவறியதா, தெரியாது.
பிடிக்கவில்லை நான்.
காலுக்குக் கீழே கையை விரித்து மட்டும் வைத்தேன்,
கொதிநீரில் நனைந்த பஞ்சுபோல அதன் சூடு.
நுனியில் அரை அரிசி அளவு.
க்ளிக்.
வெட்டிய முகத்தில் சாம்பல் நிறம்.
நடுவில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் நிறுத்த வேண்டும்.
தெரியவில்லை. இருந்தும் நிறுத்தினேன்.
கிறுகி என் முகத்தைப் பார்த்தான்.
நெத்தலிப் போத்தல் வெறும் போத்தல்.
விமலேந்திரனுக்கு வைத்திருந்த மீன் பொரியலில்
வால் துண்டு போனது.

மொத்தம் பதினெட்டு.
நாளுக்கு ஒண்டு எண்டு வைத்தாலும்
கடைசிக்கு வரும்போது
முதலாவது வளர்ந்து நிற்கும்.
"பரவால்ல மனே, இண்டைக்கு ஒண்டு."

இரவு வழமைபோல நடந்தான்.
காது கொடுத்துக் கேட்டேன்.
டிக் டிக்கில் ஒன்றும் குறையவில்லை.
குறைந்திருக்காம்,
இவர் அடித்துச் சொல்கிறார்.