ஒரு முழம் நூல்

ஒரு ஜோடிப் புருவம் எட்டு டாலர்.
கொலம்பஸ், கிளீவ்லண்ட் அவென்யூ,
நகச்சாயக் கடைக்கும் செல்போன் பழுது பார்க்கும் பையனுக்கும் நடுவே
ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி.
முதலீடு என்று பார்த்தால்
ஒரு கண்டு நூல்.

ஒரு முனை பல்லில், மறுமுனை விரலில்,
நடுவில் முறுக்கு.
முறுக்கு நகர்ந்தால் முடி வரும்.
வந்தவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரும்,
கண்ணாடி பார்த்தால் சிரிப்பு வரும்,
அடுத்த மாதம் தங்கையையும் கூட்டி வருவாள்.
சிரிக்காதவள் வரமாட்டாள்.
அவளைவிடக் கண்டிப்பான சோதனையாளர்
இருக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன்

அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.
கழுத்தில் அட்டை, கையில் பலகை, பெயர் டார்லீன்.
"உரிமம் எங்கே?"
நூல் பல்லில் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.
முடித்துவிட்டுப் பேசலாமா என்று கையால் கேட்டேன்.
கூடாதாம்.
நாற்காலியில் இருந்தவள்
ஒரு பக்கம் வில்லும் ஒரு பக்கம் புதருமாக
எழுந்து போனாள்.
அவளிடம் காசு வாங்கவில்லை.
என்னிடம் ஐந்நூறு டாலர் வாங்கினார்கள்.

அறுநூறு மணி நேரம் பள்ளியில் படிக்க வேண்டுமாம்.
போய் விசாரித்தேன். கட்டணம் ஒன்பதாயிரம்.
ஆவி உண்டு, மெழுகு உண்டு,
தோலின் ஒவ்வொரு அடுக்குக்கும் லத்தீன் பெயர் உண்டு.
நூல்?
"அது பாடத்தில் இல்லையே" என்றாள் வரவேற்பில் இருந்தவள்,
என் நெற்றியையே பார்த்தபடி.
"யாரிடம் செய்துகொண்டீர்கள்? ரொம்ப அழகு."

அவளுக்குப் பின்னால் சுவரில்
பள்ளியின் சொந்தக்காரர் படம்.
கீழே பித்தளைத் தகட்டில்:
அழகுக்கலை வாரிய உறுப்பினர்.
வேலி போட்டவரே
வாசலில் நின்று டிக்கெட்டும் கிழிக்கிறார்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது.
என்னிடமும் ஓர் உரிமம் உண்டு.
விற்பனை வரி வசூலித்துக் கட்டுவதற்கான உரிமம்.
இருபத்தைந்து டாலர், ஒரே ஒரு தாள்,
அன்றைக்கே கொடுத்து அனுப்பினார்கள்.
புருவம் எடுக்கத் தெரியுமா என்று
அந்த ஜன்னலில் யாரும் கேட்கவில்லை.
எட்டு டாலருக்கு அறுபது காசு,
இரண்டரை வருஷம், ஒரு தவணை தவறாமல்.
வாங்கிய கைக்கு நான் வியாபாரி.
பக்கத்துக் கைக்குக் குற்றவாளி.
ஒரே உடம்பின் இரண்டு கை.

பனி வாரும் லாரிக்கும் மஞ்சள் பேருந்துக்கும்
அந்த அறுபது காசு போகட்டும்,
அதில் எனக்கு வழக்கில்லை.
என் நாற்காலியைப் பூட்ட வந்தவளின்
பெட்ரோலுக்கும் அதிலிருந்துதானே போயிருக்கும்?

யாரை யாரிடமிருந்து காப்பாற்றுகிறார்கள்?
தவறினால் என் நூல்தான் அறும்,
வேறெதுவும் அறுந்ததில்லை.
தமிழில் இதுவும் நூல், அவர்கள் சட்டமும் நூல்.
இது ஒரு முழம்,
ஒரு முகத்துக்கு ஒன்று, பிறகு குப்பைக்கூடை.
அது வருஷா வருஷம் நீள்கிறது.
பழசைக் கிள்ளி எறிய
அங்கே யாருக்கும் பல் இல்லை.

கடையை மூடிய ஜனவரியில்
வீட்டு அழைப்பு மணி அடித்தது.
வாசலில் பனி உதறிக்கொண்டு டார்லீன்,
கழுத்தில் அட்டை இல்லை.
சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணமாம்.
"பள்ளிக்கூடக்காரர்களிடம் போயிருக்கலாமே?"
"மெழுகு எனக்குத் தோலை உரித்துவிடும்."

சமையலறை நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தேன்.
அறிவிக்காத, யாரும் அனுமதிக்காத ஒரு வியாபாரம்:
அவளுக்குப் புருவம் வேண்டும்,
எனக்கு எட்டு டாலர் வேண்டும்.
மூன்றாவது ஆள் யாருமில்லை.

கண்ணை மூடியபடி அவள்தான்,
தொழில் பழக்கமோ என்னவோ, கேட்டாள்:
"வரியோடு எவ்வளவு?"

நூல் பல்லில் இருந்தது.