இருநூற்றொன்று கே

தீய்ந்த வாடை முதலில் வந்தது,
பின்னால் எயுதோமார், கையில் பலகை.
"நான் ஒன்றும் செய்யவில்லை. கரண்ட் போனது, வந்தது."
படகுத்துறையில் நானூறு கிலோ மீன்
உருகும் ஐஸில் காத்துக் கிடக்கிறது.

போகும் மின்சாரம் எதையும் எரிப்பதில்லை.
திரும்பி வருவதுதான்,
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுவதுபோல்.

மரக்காய்போ ஏரியின் தென்கரை இது.
தண்ணீரில் கால் ஊன்றிய வீடுகளுக்கு அப்பால்
ஆண்டில் பாதி இரவுகள் மின்னல்,
இடி வந்து சேராத தூரத்தில்.
கேட்டால் பயப்படலாம். கேட்பதில்லை.

மாய்கவாலிதா திருகாணிகளைக் கழற்றி
விளக்கடியில் பலகையைக் கவிழ்த்தாள்.
சின்ன மின்மாற்றி கரி. அதையடுத்த சில்லு
நடுவில் பிளந்திருந்தது, வறுத்த கடலை மாதிரி.
மின்சாரம் நுழையும் வாசலில், ஃபியூஸுக்குப் பக்கத்தில்
இரண்டு துளைகள்,
ஈயம் ஊற்றி மூடியவை.

"இங்கே ஒன்று இருக்க வேண்டும்" என்றாள்.

இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினாள்:
நீல வட்டு, மொச்சைக்கொட்டை அளவு, இரண்டு கால்.
மேலே இருநூற்றொன்று கே.
இருநூற்றொன்று இல்லை, இருநூறு:
இருபது, அதன்பின் ஒரு சுழி.
உள்ளே துத்தநாகப் பொடி,
குழந்தையின் வேர்க்குருவுக்குத் தடவுகிறோமே, அந்த வெள்ளை,
சுட்டு இறுக்கியது.
மணிக்கும் மணிக்கும் நடுவே ஒரு வேலி.
ஒரு வேலி தாங்குவது மூன்று வோல்ட்.
அறுபதுக்கு மேல் வேலிகள்
அந்தத் தடிமனுக்குள், வரிசையாக.

மற்ற மின்தடைகள் கணக்குப்பிள்ளைகள்.
இரண்டு மடங்கு அழுத்து, இரண்டு மடங்கு விடும்;
அளவுகோல் வைத்துக் கோடு போடலாம்.
இதற்கு அந்தக் கணக்கு தெரியாது.
நூற்றிருபது வோல்ட்டில் கல்.
அலையின் உச்சி நூற்றெழுபதைத் தொடும்போதும் கல்.
இருநூறு தாண்டி ஏறினால்
கண்ணிமைப்பின் கோடியில் ஒரு பங்குக்குள்
வேலிகள் ஒட்டுமொத்தமாகச் சாய,
கல் வாய்க்கால்.
வந்த வெள்ளம் பலகைக்குள் போகாமல்
குறுக்கே இதற்குள் பாயும்.
சுடும். வெள்ளம் வடியும்.
வேலிகள் எழுந்து நிற்கும். மறுபடி கல்.

ஆனால் எல்லா வேலியும் எழுவதில்லை.
ஒவ்வொரு அடிக்கும் இரண்டொன்று சாய்ந்தே கிடக்கும்.
பிறகு ஒருநாள், மின்னல் இல்லாத, காற்று இல்லாத
ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்
வெறும் நூற்றிருபதுக்கே கசியத் தொடங்கும்.
கசிந்து சூடாகி, சூட்டால் இன்னும் கசிந்து,
புகைந்து, ஃபியூஸையும் கூட்டிக்கொண்டு போகும்.
அப்போதுதான் வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்:
இந்தப் பொருள்தான் கோளாறு.

"முன்னால் பார்த்தவன் எந்த மடையன்?"

துளைகளை மூடிய ஈயம் வழுவழுப்பாக இருந்தது.
நல்ல கை. ஓரத்தில் மார்க்கரால் ஒரு தேதி,
அருகே வால் நீண்ட ஓர் எழுத்து.
அந்த வால் அவளுக்குத் தெரியும்.

எங்கும் பாகம் கிடைக்காத வருஷம் அது.
இந்த நீல வட்டுக்கு
ஒரு வாரச் சோளமாவின் விலை சொன்னார்கள்.
கருகியதைப் பிடுங்கினாள், புதிய ஃபியூஸ் போட்டாள்.
"இது இல்லாமலும் ஓடும்" என்று
இதே மேசையில்தான் சொன்னாள்.
ஓடியது.
நான்கு வருஷம் ஓடியது. அதுதான் தொல்லை.

"நான்தான்" என்றாள்.

எயுதோமார் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்,
வாசலுக்குப் போய் மகனுக்குப் போன் செய்தான்:
பெரிய மீன்களை முதலில் விற்றுவிடு.

ஈயத்தை உறிஞ்சி எடுத்துத் துளைகளைத் திறந்தாள்.
பழைய பலகையிலிருந்து ஒரு மின்மாற்றி,
டப்பாவில் கடைசியாக இருந்த சில்லு,
பிறகு நீல வட்டு. காலை மடித்தாள், பற்றவைத்தாள்,
நகவெட்டியால் மிச்சத்தை நறுக்கினாள்.
மார்க்கரை எடுத்துத் தேதி போட்டாள்.
வால் கொஞ்சம் குட்டையாக வந்தது.

சுவிட்ச். பச்சை விளக்கு. ரிலே ஒரு முறை சொடுக்கியது.
புறவிரலை வட்டின் அருகே கொண்டுபோனாள்.
சில்லென்று இருந்தது.

"வேலை செய்கிறதா அது?"

"இப்போது இல்லை" என்றாள்.
பில் எழுதவில்லை.
ஏரிக்கு மேலே, வெகு தொலைவில்,
வானம் ஒருமுறை வெளுத்து அணைந்தது.