கூப்பிடு தூரம்

பெர்லெவோகிலிருந்து மேஹாமனுக்கு
இருபத்தைந்து கடல்மைல்.
அட்டவணை பதினேழு நிமிடம் என்கிறது,
அதில் மூன்று தரையில் ஊர்வதிலேயே போய்விடும்.
ஊற்றிய காப்பி ஆறுவதற்குள் அங்கே.

சாலை வழி கேட்டால் சிரிப்பார்கள்.
தானா ஆறுவரை தெற்கே இறங்கி, பாலம் தாண்டி,
மறுபடி வடக்கே ஏறி,
மேட்டுநிலத்தில் பனிவாரி வண்டிக்குப் பின்னால்
இன்ஜினை அணைக்காமல் வரிசையில் காத்திருந்து
அரை நாள்.
ஜனவரியானால் அதற்கும் உத்தரவாதமில்லை.

பதினோரு வருடம் இந்தக் கண்ணாடிக் கூண்டில் இருந்தேன்.
விமானம் எழுந்து வால்விளக்கு மறைந்ததும்
தொலைபேசியை எடுப்பேன்.
"கிளம்பியாச்சு."
எதிர்முனையில் ஹில்பெர்ட்: "ம்."
எத்தனை பேர், என்ன சரக்கு, அதையும் சொல்வேன்.
சிவப்புப் பெட்டியில் ரத்த மாதிரி.
படகு பம்புக்கு ஒரு ரப்பர் வளையம்.
ஒருமுறை, பிரசவத்துக்குப் போகிறவள்.
"ஒரே இருக்கையில் இரண்டு பேர்" என்றேன்.
அன்று அந்த "ம்" கொஞ்சம் நீண்டது.

முகம் பார்த்ததில்லை.
இருமலை வைத்துச் சளி தெரியும்.
ஓடுபாதையில் கலைமான் நின்றால்
ஒலிவாங்கியை மூடாமலே திட்டுவது தெரியும்.
அவர் மனைவி இறந்த வாரம்
வேறொரு குரல் "ம்" சொன்னது,
சரியாகச் சொல்லவில்லை.

கூப்பிடு தூரம்தான்.
கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தோம்.

ஓய்வு பெற்ற மறுவாரம் சீட்டு வாங்கினேன்.
ஜன்னலோரம். மடியில் ஒரு கேக் டப்பா.
என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பையன்
கூண்டுக்குள் தொலைபேசியை எடுப்பது தெரிந்தது.
உதடு அசைந்தது.
சரக்குப் பட்டியலில் என்னை என்னவென்று சொன்னானோ.

தானா ஃபியோர்டின் வாய்
கீழே கறுப்பாகத் திறந்து கிடந்தது.
பத்து நிமிடம். பன்னிரண்டு.
பதினான்கில் ஓடுபாதை விளக்குகள்,
யாரோ கையைத் தட்டிவிட்டதுபோலச் சரிந்தன.
இறக்கை தாழ்ந்தது, நிமிர்ந்தது,
மறுபடி மேலே ஏறினோம்.
இரண்டாம் முறையும்.

பக்கக்காற்று என்றார் விமானி.
எண்களைச் சொல்லவில்லை.
அவை யார் வாயிலிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியும்:
இருநூற்று அறுபது பாகை, முப்பத்தெட்டு நாட்,
வீச்சு ஐம்பத்தொன்று.
இரண்டு மூன்றைக் குறைத்திருந்தால் இறங்கியிருப்பேன்.
குறைக்கிற ஆள் இல்லை.

தாழ்ந்த ஒரு நொடியில்
மஞ்சள் வெளிச்சத்தில் அவர் கூண்டு.
உள்ளே ஒருவர் நின்றிருந்தார்,
அல்லது கோட்டு மாட்டும் கம்பி.

ஹோனிங்ஸ்வோகில் இறக்கிவிட்டார்கள்.
வருகை என்ற கட்டத்தில்
அவர் இந்நேரம் ஒரு கோடு இழுத்திருப்பார்.
எத்தனை கோடுகள் இழுத்திருக்கிறோம் இருவரும்,
அதற்குள் ஆள் இருக்கிறதென்று
யோசித்ததே இல்லை.

கேக்கை வரவேற்பறைப் பெண்ணும் நானும் வெட்டினோம்.
எட்டு மணிக்குத் தொலைபேசி.
"சேர்ந்தாச்சா?"
"ம்" என்றேன்.
நாளைக் காலை திரும்பும் விமானம் அங்கே நிற்கும்.
காற்று எப்படி என்று கேட்டேன்.
ஒன்றும் குறைக்காமல் சொன்னார்.