ஒன்பதாவது ஆட்டத்துக்குப் பிறகு

ஒன்பது ஆட்டம், ஏழு தோல்வி, இரண்டு சமன்.
வேலிக்கம்பியில் காயப்போட்ட ஜெர்சிகளில்
ஒன்பதாம் எண் தலைகீழாய்த் தொங்கி
ஆறாகத் தெரிந்தது.
பட்டியலில் ஆறாமிடம் கிடைத்திருந்தால்
தேவகோட்டையில் வெடி போட்டிருப்போம்.

இரும்புக்கடை மாடியில் நிர்வாகக் குழு.
மசாலா சீயம், காபி, கீழிருந்து ஏறிவரும்
பெயின்ட் வாசனை.
"யாரையாச்சும் மாத்தணும் சார்" என்றார்
செயலாளர் வயிரவன்.
"ஸ்பான்சர் கேக்குறாரு."
அந்த 'யாரையாச்சும்'
மேசைமேல் உருண்டு என்னிடம் வந்தது.
காபி டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி
அதற்கு வழி விட்டேன்.
அது போய் நின்ற நாற்காலி காலி.
இன்னாசி அந்நேரம் மைதானத்தில்
இரண்டாம் கோல்கீப்பருக்கு
விழுவது எப்படி என்று
விழுந்து காட்டிக்கொண்டிருந்தான்.

தலைமைப் பயிற்சியாளன் நான்.
கல்லல் அணியிடம் நாலு கோல் வாங்கிய அன்று
பின்னால் மூன்று பேர் போதும் என்றது நான்.
வேண்டாம் என்று அவன் சொன்னது
எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும்.
மூன்றாவது ஆளுக்கு நான் சொல்லவில்லை.

நேரில் சொல்லும் சங்கடத்தையும்
வயிரவனே வாட்ஸப்பில் முடித்துவிட்டார்:
'பரஸ்பர சம்மதத்தின் பேரில்.'
கீழே மூன்று கும்பிட்ட கைகள்.
அதில் ஒன்று என்னுடையது.

விசில் ஒன்று, கூம்பு பதினான்கு,
காற்றடிக்கும் பம்பு ஒன்று, ஊசி இல்லை.
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.
ஊசி எங்கே என்று கணக்கர் கேட்டார்.
"அதத்தான் சார் ஜூன்லேர்ந்து கேக்குறேன்" என்றான்.

பையன்கள் தங்கியிருப்பது
பதினேழு பங்காளிகள் வழக்காடும் வீட்டில்.
ஐஸ் வாங்கக் காசில்லாத நாளில்
வீங்கிய முழங்காலை
ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் வைத்துக் கிடப்பார்கள்.
அந்தத் தரையின் கட்டங்களில்தான்
அவன் ஆட்டம் சொல்லிக்கொடுப்பான்.
சோடா மூடிகள் எங்கள் ஆட்கள்,
புளியங்கொட்டை எதிரணி.
ஒருமுறை சேவுகப்பெருமாள்
எதிரணியின் நடுக்கள வீரனை வறுத்துத் தின்றுவிட்டான்.
அன்று எல்லோரும் சிரித்தார்கள்.
அந்த மாதம் சிரித்தது அன்று மட்டும்தான்.

புதன்கிழமை விடியலில் புறப்பட்டான்.
ரஸ்தா வரை வருகிறேன் என்றேன்.
"ஒனக்கு பிராக்டிஸ் இருக்குல்ல?" என்றான்.
அதில் குத்தல் இருந்ததா
என்று இன்றும் பிரித்துப் பார்க்கிறேன்.
ஆட்டோ திரும்பியது.
மானாமதுரைப் பக்கம் போகிற ரயில்
அன்றைக்கென்று சரியான நேரத்துக்கு வந்ததாம்.

ஞாயிறு, பத்தாவது ஆட்டம்.
எழுபதாம் நிமிடம் எனக்குக் கார்னர் கிடைத்தது.
எனக்கு என்கிறேன், பாருங்கள்.
முதல் ஆள் பந்தை விட்டுவிட்டு ஓட,
இரண்டாவது ஆள் பின்னாலிருந்து வந்து தலையால் முட்ட,
வலை.
செவ்வாய்க்கிழமைகளில் நாலு மணி வெயிலில்
இன்னாசி நூறு முறை செய்யவைத்தது.
நான் நிழலில் நின்று
இதெல்லாம் எதுக்கு என்று கேட்டது.

ஒன்றுக்குப் பூஜ்யம்.
வயிரவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.
"பாத்தீங்களா சார்,
மாத்துன ஒடனே பலன்!"
நான் தலையாட்டினேன்.
ஆட்டியதை நிறுத்தவும் கொஞ்சம் நேரமானது.
யாரை இறக்கலாம் என்று கேட்க
இடப்பக்கம் திரும்பினேன்.
பிளாஸ்டிக் நாற்காலியில் தண்ணீர்க் கேன்
உட்கார்ந்திருந்தது.

இரவு பத்தரைக்கு போன்.
யாரோ வீடியோ அனுப்பியிருக்க வேண்டும்.
வாழ்த்து இல்லை, நலமா இல்லை.
"அந்தக் கார்னர்ல
ரெண்டாவது ஆளு லேட்டா ஓடுனான்."

எங்கிருக்கிறாய் என்று கேட்க வாய் வந்தது.
ஆமா, லேட்டுதான் என்றேன்.